செவ்வாய்க்கிழமை மட்டும் எழுந்த கம்ப்யூட்டர்

அத்தியாயம் 4

கடலூரில் காலை ஐந்து மணிக்கு ஏறிய பஸ்ஸில் சுரேந்தர் வழி நெடுகத் தூங்கிக்கொண்டு வந்தான். சிதம்பரம் வந்ததும் மலர்க்கொடி தோளில் தட்டி எழுப்பியபோது, “ஆள் கெடச்சிட்டானா மேடம்?” என்றுதான் கேட்டான். தேடுவதற்கு முன்பே ஆள் கிடைத்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற உதவியாளன் உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

மலர்க்கொடி பதினோரு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யான கிளைம்களைத் துருவியவள். அதை உதறிவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. சுரேந்தர் அதற்கு முன் கம்ப்யூட்டர் மெக்கானிக். கஸ்டமர்களிடம் வாயை அடக்கத் தெரியாமல் வேலையை இழந்தவன். அந்த வாய்க்காகத்தான் மேடம் தன்னைச் சேர்த்துக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். மேடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

ஆட்டோவில் போகும்போது அவள் விஷயத்தை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாள். காணாமல் போனவன் தமிழ்வேந்தன், முப்பது வயது. உதிரி பாகங்களை வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பவன். வேலை விஷயமாக மெட்ராஸ் போவதாகச் சொல்லிக் கிளம்பி நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. செல்போன் அணைந்து கிடக்கிறது. மனைவி இலக்கியா ஏழு மாதக் கர்ப்பிணி, நர்சரி ஸ்கூல் டீச்சர். ‘எவளோடயோ போயிட்டான்’ என்று தெரு முழுக்கப் பேச்சு.

“நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணுக்கு வளைகாப்பு. திருவதிகையில இருந்து அவ அண்ணன் வேன் எடுத்துக்கிட்டு வரான்,” என்றாள் மலர்க்கொடி. “மாப்பிள்ளை இல்லாத வீட்டுல இருந்து தங்கச்சியக் கூட்டிட்டுப் போனா, அப்புறம் திருப்பி அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டான்.”

“அப்ப நமக்கு ரெண்டு நாள்தான் டைம்.”

“நமக்கு இல்ல, அவளுக்கு,” என்றாள் அவள். சுரேந்தர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய வந்தவர்களாகத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று இலக்கியாவோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். மாமியார் பட்டம்மாள் போலீஸ் என்ற வார்த்தையை எடுத்தாலே, குடும்ப மானம் போயிடும் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறாளாம். துப்பறிகிறவர்கள் என்று தெரிந்தால் வாசலிலேயே விளக்குமாற்றை எடுத்துவிடுவாள்.

கதவைத் திறந்தவள் பட்டம்மாள்தான். “இதோட மூணாவது மெக்கானிக்கு. அதைத் தூக்கி எடைக்குப் போடுன்னா இவ கேக்கவே மாட்டேங்கறா,” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

மணி ஆறே முக்கால். காலை ஆறிலிருந்து ஏழு வரை அந்தத் தெருவுக்கு மின்வெட்டு. அந்த 2012-ஆம் வருஷத்தில் ஊரே மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் எழுந்தது, குளித்தது, மாவரைத்தது. கரண்ட் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று சுரேந்தர் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஒயர்களையெல்லாம் நீளம் பார்த்து மடித்து, ஒன்றோடொன்று சிக்காமல் கட்டியிருந்தது. ‘தானே’ புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் செத்துப்போன யூ.பி.எஸ்.ஸைக்கூடத் துடைத்து, துணி போட்டு ஓரமாக வைத்திருந்தது.

“மேடம், ஒயரை இவ்ளோ பொறுமையா கட்டுறவன் பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுற ஆள் இல்ல.”

“இதை அவ அண்ணன்கிட்ட சொல்லிப் பாரேன். ஒத்துக்குவான்.”

வாசற்படியில் நின்றிருந்த இலக்கியாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை எனக்காகத்தான் செஞ்சாரு,” என்றாள். “பழசெல்லாம் விக்கிறதுக்கு, இது மட்டும் உனக்குன்னு சொல்லி எல்லாத்தையும் புதுசா வாங்கிப் போட்டாரு. இப்ப இதுவும் என்னை ஏமாத்துது.”

ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. சுரேந்தர் கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினான். உள்ளே இருந்த சின்ன ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. இன்னொரு தரம் அமுக்கினான். அதே இரண்டு சுற்று. ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினான். பலிக்கவில்லை.

“மொத ஆளும் ரப்பர்தான் போட்டுத் தேய்ச்சாரு,” என்றாள் இலக்கியா. “ரெண்டாவது ஆளு பவர் சப்ளை பாக்ஸையே புதுசா மாட்டிட்டாரு. அவுங்க பதினோரு மணிக்கு வந்தாங்க. அப்ப ஓடுச்சு. நான் காலையில போட்டா ஓட மாட்டேங்குது. எட்டு மணிக்கு நான் ஸ்கூலுக்குக் கெளம்பணும். சாயங்காலம் வந்தா கரண்ட் இருக்கறதில்ல.”

“ஒருநாள் கூடவா ஓடல?” என்றாள் மலர்க்கொடி.

“எப்பவாச்சும் ஓடும். நேத்து காலையிலகூட ஓடுச்சு. அவரு மெயிலைத் திறந்தா பாஸ்வேர்டு கேக்குது. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். ஓடாத நாளெல்லாம் எழுதி வெச்சிருக்கேன்.”

அவள் நீட்டியது ஒரு பள்ளிக்கூட நோட்டு. பிள்ளைகளுக்கு எடுக்கிற மாதிரியே கம்ப்யூட்டருக்கும் தேதி போட்டு வருகைப் பதிவு எடுத்திருந்தாள். ஓடின நாளுக்கு டிக். ஓடாத நாளுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கம் முழுக்கச் சிவப்பு. நடுநடுவே டிக் ஐந்தே ஐந்து.

“அட்டென்டன்ஸ் ரொம்ப மோசம் சிஸ்டர். இந்தப் பையனை ஃபெயில் போட்டுடலாம்,” என்றான் சுரேந்தர். நாற்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக இலக்கியாவின் உதடு லேசாகச் சிரித்தது.

மலர்க்கொடி சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய மாத காலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, நோட்டில் டிக் விழுந்த தேதிகளை ஒவ்வொன்றாக அதில் தேடினாள். ஐந்தாவது தேதிக்கு வந்ததும் விரல் நின்றது.

“தேதி மட்டும் எழுதியிருக்க. கிழமை எழுதலியே. அஞ்சும் செவ்வாய்க்கிழமைம்மா.”

சுரேந்தர் எட்டிப் பார்த்தான். நிஜம்தான். “மேடம், செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எழுந்திரிக்கிற கம்ப்யூட்டரை நான் எந்தக் கடையிலயும் பாத்ததில்ல. முருக பக்தனா இருக்குமோ.”

“செவ்வாய்க்கிழமை காலையில இந்த வீட்டுல என்ன நடக்குது இலக்கியா?”

“ஒண்ணும் நடக்காது. அத்தைகூட இருக்க மாட்டாங்க. அவுங்க ரூமைப் பூட்டிக்கிட்டு மொத பஸ்ஸுக்கே வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயிடுவாங்க. அவரு போனதுல இருந்து வாராவாரம் போறாங்க. புள்ளைக்காக நேந்துக்கிட்டாங்களாம்.”

மலர்க்கொடி ‘ம்’ என்று மட்டும் சொன்னாள். அந்த ‘ம்’ சுரேந்தருக்குத் தெரியும். மேடத்துக்குள் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கேட்டாலும் இப்போது சொல்ல மாட்டாள்.

அவன் பையிலிருந்து வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்து அதன் இரண்டு முனைகளையும் பிளக் பாயிண்டில் செருகினான். முள் நூற்று நாற்பத்தைந்தில் நின்றது. இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்தைந்து வோல்ட். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “மெஷின் மேல தப்பே இல்ல மேடம். பாவம், பட்டினி. வர்ற கரண்டு பத்தாம எழுந்திரிக்கப் பாத்து எழுந்திரிக்கப் பாத்து விழுது.”

“இந்த ஊர்ல எப்பவும் லோ வோல்டேஜ்தானே?” என்றாள் இலக்கியா. தலைக்கு மேலே ஃபேன் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சுரேந்தர் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தான். அங்கே கூடத்தில் ஃபேன் பறந்துகொண்டிருந்தது. “ஊருக்கு இல்ல சிஸ்டர். உங்க வீட்டுக்கு மட்டும்தான். இங்க ஏதோ ஒண்ணு கரண்டைக் குடிக்குது. உங்க ஒயரிங் வேற பழசு, மெல்லிசு. அது குடிச்சு மிச்சம் வெச்சதுதான் கம்ப்யூட்டருக்கு. கரண்ட் இழுக்கற சாமான் என்னென்ன இருக்கு?”

“மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ்தான். பக்கெட்டுல போட்டு வெந்நீர் வெக்கிற ஹீட்டர் கம்பி ஒண்ணு இருந்துச்சு. அவருக்கு மட்டும்தான் அது. சித்திரை வெயில்லயும் வெந்நீர் இல்லாம குளிக்க மாட்டாரு. ரிப்பேராயிடுச்சுன்னு அத்தை தூக்கிப் போட்டுட்டாங்க.”

மலர்க்கொடி எழுந்தாள். இலக்கியாவிடம் கண்ணைக் காட்டி, கூடம், அடுப்படி, படுக்கையறை என்று ஒவ்வொரு சுவிட்சாக அணைக்கச் சொன்னாள். ஃபிரிட்ஜின் பிளக்கைச் சுரேந்தர் பிடுங்கினான். வீடு அடங்கியது. மூவரும் வாசல் சுவரில் இருந்த பழைய கரண்ட் மீட்டருக்குக் கீழே போய் நின்றார்கள்.

கண்ணாடிக்குள் இருந்த தகடு கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

இலக்கியா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். “எல்லாத்தையும் அணைச்சாச்சே அண்ணா.”

“அணைச்சாச்சு. ஆனா யாரோ அணைக்கல,” என்றான் சுரேந்தர். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அதில் விளையாட்டு இல்லை. நாற்பத்து மூன்று நாளாக ஒருத்தனைக் காணோம். அணைத்து வைத்த வீட்டில் கரண்ட் ஓடுகிறது. என்ன கண்டுபிடிக்கப் போகிறோம் என்று நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

“மெயினை ஆஃப் பண்ணிப் பாப்போமா?” என்று அவன் சத்தமாகவே கேட்டான். அடுப்படியிலிருந்து பட்டம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“வேணாம் தம்பி, வேணாம். மெயினைத் தொடாதீங்க. இன்னும் பத்தே நிமிஷம்.”

“பத்து நிமிஷத்துல என்னாம்மா ஆவும்?” என்றாள் மலர்க்கொடி மெதுவாக.

பட்டம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். அவள் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீட்டர் தகடு மெல்ல மெல்ல ஓய்ந்து, ஆடி, நின்றேவிட்டது. எங்கேயோ வெந்நீர் காய்ந்துவிட்டது.

மலர்க்கொடி நேரே போய்ப் பார்த்த பட்டம்மாளின் அறைக்குள் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்; செவ்வாய்க்கிழமைகளில்தான் அதைப் போட ஆள் இல்லை. அதிலிருந்து கிளம்பிய ஒரு மெல்லிய ஒயர் ஜன்னல் கம்பி வழியாக வெளியேறி, முருங்கை மரத்தில் சுற்றிக்கொண்டு, கொல்லைப்புறத்துக்குப் போனது. கொல்லையைத் தாண்டி நாற்பதடியில் ஒரு ஓட்டு வீடு. பட்டம்மாளின் தம்பி பக்கிரியுடையது. அவர் சிங்கப்பூருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது, அந்த வீட்டுக்குக் கரண்டையே துண்டித்துவிட்டார்கள். கதவில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு. ஆனால் பூட்டிய வீட்டின் சாக்கடையில் சோப்பு நுரை மிதந்து வந்துகொண்டிருந்தது.

“அந்தப் பூட்டுக்குச் சாவி குடுங்க,” என்றாள் மலர்க்கொடி.

பட்டம்மாள் முந்தானையில் முடிந்திருந்த சாவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கதவைத் தெறக்காதீங்கம்மா. புள்ளத்தாச்சி நிக்கறா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

இலக்கியாவின் முகம் வெளுத்தது. “உள்ள யாரு அத்தை இருக்கா? அவரா? அவரு கூட எவ இருக்கா? அதுக்குத்தான் என்னைச் சீக்கிரமா தாய்வீட்டுக்கு அனுப்பறீங்களா? ஒம்போதாம் மாசம் வெக்கலாம்னு எங்கண்ணன் சொன்னதை, ஏழாம் மாசமே வளைகாப்பு வெக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னது இதுக்குத்தானா?”

சுரேந்தருக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. மலர்க்கொடி பட்டம்மாளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தாம்மா. பொருள் தொலைஞ்சாவே அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வெப்போம். புள்ளையே தொலைஞ்சிருக்கான். நீங்க அவனைக் காட்டுன்னு ஒரு சாமியையும் கேக்கல. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனீங்க. அங்க யாரும் காணாமப் போனவங்களுக்காக நேந்துக்க மாட்டாங்க. உடம்பு சரியில்லாதவங்களுக்காகத்தான் நேந்துக்குவாங்க. உங்க புள்ள எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். அவனுக்கு என்னா வியாதி?”

பதில் ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ஒரு இருமல். அடக்கி அடக்கிப் பார்த்து, அடக்க முடியாமல் பீறிட்டு, மூச்சு வாங்க வைத்த நீளமான இருமல்.

இலக்கியா கொல்லையைக் கடந்து, யாரும் பிடிப்பதற்குள் அந்த வீட்டின் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள்.

“மாமா,” என்றாள். “நீயா?”

ஜன்னலுக்குப் பின்னால் ஈரத் தலையோடு தமிழ்வேந்தன் நின்றான். பாதியாக இளைத்திருந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

“கிட்ட வராத இலக்கியா. டி.பி. சளியில ரத்தம் வருது. வயித்துல புள்ள இருக்குது. தள்ளிப் போ.”

“மெட்ராஸுன்னு சொன்ன.”

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அம்மா போய்க் கூட்டியாந்தாங்க. நீ தாய்வீட்டுக்குப் போயிட்டா வெளிய வந்துடலாம், புள்ள பொறந்து நீ வர்றதுக்குள்ள சரியாயிடும், வெளியூர்ல வேலை பாத்தேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னா?”

“எப்பிடிச் சொல்லுவேன்? உங்கப்பா இதுலதானே போனாரு. அவரு இருமுன சத்தம் இப்பவும் கனவுல வருது, எழுந்து உக்காந்துடறேன்னு நீதானே சொன்ன. அந்தச் சத்தத்தை மறுபடியும் உனக்குக் கேக்க வெக்கணுமா?”

இலக்கியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று சுரேந்தர் நினைத்தான். அவள் அழவில்லை. அவள் குரலில் இருந்தது கோபம், அடியாழத்தில் வெந்துகொண்டிருந்த கோபம்.

“எங்கப்பாவை டி.பி. கொல்லல மாமா. எங்கம்மா பயந்துடுவாங்கன்னு சொல்லி எட்டு மாசம் மறைச்சாரு. அதுதான் கொன்னுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப டாக்டரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, ஏன் இவ்ளோ நாளு கூட்டியாரலைன்னு. எங்கம்மா சாவுற வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்கும் அதே கேள்விய வெச்சுட்டுப் போலாம்னு பாத்தியா?”

தமிழ்வேந்தன் வாயிலிருந்த துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“மாத்திரை சாப்புடறியா?”

“மூணு வாரம் சாப்ட்டேன். ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்கற எடத்துல உங்க ஸ்கூல் ஆயா என்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம், நீ ஸ்கூலுக்குப் போனதும் அம்மா பூட்டைத் தெறந்து அனுப்பினாலும், பாதி வழியிலயே திரும்பிடுவேன்.”

“எத்தினி நாளாச்சு?”

“பதினெட்டு நாளு.”

பட்டம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். மாத்திரை நின்றுபோனது அவளுக்கே தெரியாது என்பதைச் சுரேந்தர் அவள் முகத்தில் பார்த்தான். வாராவாரம் வரிசையில் நின்று பிரசாதம் வாங்கிவந்து ஊட்டியிருக்கிறாள், மகன் மாத்திரையும் சாப்பிடுகிறான் என்ற நம்பிக்கையில். அவளைப் பார்க்கச் சகிக்காமல் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சாவியக் குடுங்க அத்தை,” என்றாள் இலக்கியா. “அண்ணனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன். வளைகாப்பு ஒம்போதாம் மாசம்தான். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

பட்டம்மாள் முடிச்சை அவிழ்க்க முயன்றாள். ஈரக்கை பட்டு இறுகியிருந்ததால் அவிழவில்லை. மலர்க்கொடிதான் அவிழ்த்துப் பூட்டைத் திறந்தாள்.

“நீ வராத,” என்றான் தமிழ்வேந்தன் உள்ளிருந்து. “புள்ளைக்கு ஆகாது. ஒரே வண்டியில உன்கூட நான் உக்கார மாட்டேன்.”

“உக்கார வேணாம். நான் முன்னாடி ஒரு ஆட்டோவுல போறேன். நீ பின்னாடி இன்னொண்ணுல வா. ஆனா திரும்பிப் பாத்தா எனக்குத் தெரியணும். தெரியாத தூரத்துக்கு இனிமே நீ எங்கயும் போகக்கூடாது.”

சுரேந்தர் தெருமுனைக்கு ஓடி இரண்டு ஆட்டோ பிடித்து வந்தான். முதல் ஆட்டோவில் இலக்கியாவும் மலர்க்கொடியும் ஏறினார்கள். இரண்டாவதில் தமிழ்வேந்தன், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் அவன் அம்மா. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று இலக்கியா நடுத்தெருவில் நின்றபடியே எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி என்று இரண்டு டிரைவர்களுக்கும் உரக்கச் சொன்னாள். ஜன்னலோரங்களில் நின்றிருந்த தலைகள் மளமளவென்று உள்ளே போயின.

திறந்து கிடந்த வீட்டுக்குக் காவலாகச் சுரேந்தர் வாசலில் நின்றான். ஏதாவது கிண்டலாகச் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தான். ஒன்றும் வாயில் வரவில்லை. கண்ணில்தான் நீர் வந்தது.

தெருக்கோடியில் ஒரு பால் வண்டி குறுக்கே வந்து, பின்னால் போன ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னால் போன ஆட்டோ திருப்பத்தில் மறையப்போன சமயத்தில் சட்டென்று நின்றது. பால் வண்டி விலகி, பின்னது வந்து சேரும்வரைக்கும் அது அங்கேயே நின்றிருந்தது.